மச்சான் கையில் கயிறு

தேரிக்காட்டு அந்தோனியார் கோயிலுக்குப் போகிற டாக்சி நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. அல்போன்சாவுக்குக் காலை ஏழு மணியிலிருந்தே வாசலில் கார் சத்தம் கேட்டபடி இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மாமனார் பர்னபாசுக்குக் கஞ்சி ஊட்டப் போனாள் அல்போன்சா. அவர் இரண்டு கையாலும் அவளைத் தள்ளிவிட்டார். ஆட்டுரல் மேல் போய் விழுந்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புருஷன் செபாஸ்டின் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். அப்பாவைக் கோயிலில் கொண்டுபோய் விடுவது. பதிமூன்று செவ்வாய் அங்கே இருக்கட்டும். அதற்குள் அந்தோனியார் கண் திறந்தால் சரி, இல்லாவிட்டால் அவர் காலடியிலேயே முடியட்டும்.

அங்கே எப்படி வைத்திருப்பார்கள் என்று அல்போன்சாவுக்குத் தெரியும். ஆத்தூரில் அவள் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோயிருந்தார்கள். ஓலைக் கொட்டகையில் கல்தூண், காலில் சங்கிலி. நல்ல மனசுள்ளவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்த மனுஷன் திரும்பி வரவில்லை.

பர்னபாஸ் ஒரு காலத்தில் சங்கு குளிப்பவர். எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழத்தில் இறங்கிச் சங்கோடு ஏறுகிறவர் என்று தூத்துக்குடிக் கடற்கரைத் தெரு முழுக்கப் பெயர். இரண்டு வருஷமாக ஒவ்வொன்றாக மறந்தார். முதலில் கோயிலுக்குப் போகிற வழி, பிறகு செத்துப்போன பெண்டாட்டியின் பெயர், கடைசியில் மகனின் முகம். பெரியாஸ்பத்திரி டாக்டர், மூளை சுருங்கிக்கொண்டே வருகிறது, இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டு ஒரு மருந்தும் எழுதிக்கொடுத்தார். தெருவில் அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள். காத்து, பேய்க் காத்து.

ஆறு வாரத்துக்கு முன்பு அவர் வேம்பார் ரோட்டில் ஏழு மைல் நடந்து போய்விட்டார். பஸ் கண்டக்டர் ஒருவர் அடையாளம் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கட்டு. கையிலோ காலிலோ கட்டினால் தோல் உரியும் என்று பாசத்தோடு இடுப்பில் கட்டினான் மகன். மறுமுனை ஜன்னல் கம்பியில்.

கட்டிய நாளிலிருந்து மனுஷர் பேச்சை நிறுத்திவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னம் புடைக்க உட்கார்ந்திருப்பார். அடிக்கடி கயிற்றைப் பிடித்து இழுப்பார். ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான். பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கிறார் என்று செபாஸ்டின் ராத்திரி வந்ததும் முடிச்சை இன்னும் இறுக்குவான்.

"மூணு சாரம், ரெண்டு துண்டு, ஒரு போர்வ. போதும்லா?" என்று பை கட்டிக்கொண்டிருந்தாள் அந்தோணியம்மாள். செபாஸ்டினின் அக்கா. வேம்பாரில் உப்பளக் கங்காணிக்கு வாழ்க்கைப்பட்டவள். முந்தின நாளே வந்து இறங்கிவிட்டாள்.

"மதினி, இன்னும் ஒரு மாசம் பாப்போமே."

"எதுக்கு? அடுத்த மட்டம் நீ எந்திரிக்காமப் போறதுக்கா?" அந்தோணியம்மாள் நிமிராமலே சொன்னாள். "எனக்கு மட்டும் ஆசையாளா? வேம்பாருக்கு அவரு எதுக்கு நடந்தாருன்னு நெனைக்கிற? என்னையப் பாக்கத்தான். அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்த வீட்டில் யாருமே கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அதுதான் அல்போன்சாவுக்குப் பயமாக இருந்தது. பொல்லாதவர்கள் என்றால் சண்டை போடலாம். அழுதுகொண்டே பை கட்டுகிறவர்களிடம் என்ன சொல்வது?

"ஹென்றி மாமா வாராவ. அவுக சொல்லட்டும். அவுக வேண்டாம்னா நான் இந்தப் பைய அவுத்துருதேன்," என்றாள் அந்தோணியம்மாள்.

அது சும்மா பேச்சில்லை. அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருப்பான். சொந்த அண்ணன் தம்பி கையில் கொடுக்கமாட்டார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம். மச்சானுக்கோ தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் இருக்கும். இருபது வருஷம் பர்னபாசின் கயிறு ஹென்றியின் கையில் இருந்தது. அப்படிப்பட்டவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது.

பதினொரு மணிக்கு ஹென்றி ஆலந்தலையிலிருந்து பஸ்சில் வந்தார். எழுபதை நெருங்கிய உடம்பு, வெள்ளை வேட்டி, தோளில் மடித்துப் போட்ட நீல லேஞ்சித் துண்டு. அல்போன்சாவுக்குப் பெரியப்பா முறை.

"பிள்ள எப்பிடி இருக்கு தாயி?" என்று முதலில் அவள் வயிற்றைத்தான் விசாரித்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷர் காப்பாற்றிவிடுவார் என்று தோன்றியது.

காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார். பர்னபாஸ் அவரைப் பார்க்கவே இல்லை. பல்லைக் கடித்தபடி சுவரைப் பார்த்திருந்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

பிறகு கயிற்றை இழுத்தார். ஒன்று. இரண்டு.

ஹென்றியின் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. அந்த வயதில் அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ, பாய்ந்துபோய் ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி வலித்தார். பர்னபாஸ் கட்டிலை விட்டு எழுந்து, கயிறு போன பக்கமே வந்து, மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். நெஞ்சு விம்ம ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு, இன்னொன்று. முகத்தில் இருந்த கருநீலம் மெல்ல இறங்கியது.

"பாரு பூரா மணலாக் கெடக்கு மச்சான்," என்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. "தூக்க ஏன் இம்புட்டு நேரம்?"

அந்தோணியம்மாள் கையிலிருந்த துண்டை நழுவவிட்டாள். "இயேசுவே, அப்பா பேசுதாவ," என்றவள், அதைத் தெருவில் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாமல் வெளியே ஓடினாள்.

"என்ன பெரியப்பா இது?"

"ரெண்டு இழுப்புன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம் தாயி. தூக்குலேன்னு அர்த்தம்." ஹென்றிக்கு மூச்சு வாங்கியது. "இடுப்புல கயிறு கட்டுனா அவன் வேற எங்க இருக்கதா நெனப்பான்? கடலுக்குள்ள இருந்திருக்கான். பாருன்னு சொன்னது சங்கு கெடக்க கடலடித் தரைய."

அல்போன்சா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கொடிக்கால்காரர் வீட்டுப் பெண். வெற்றிலை தெரியும், சங்கு தெரியாது. செபாஸ்டினைப் பர்னபாஸ் கடலில் இறக்கவே இல்லை, படிக்க அனுப்பிவிட்டார். பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. ஆக, அந்த இரண்டு இழுப்புக்கு அர்த்தம் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருத்தர்கூட இல்லை. ஆறு வாரம் ஒரு மனுஷர் தண்ணீருக்கு அடியில் இருந்து தூக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அவர்கள் முடிச்சை இறுக்கியிருக்கிறார்கள்.

போன வாரம் கஞ்சிக் கரண்டியோடு அவர் வாயைத் திறக்கப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கடலுக்கடியில் மூச்சைப் பிடித்திருப்பவன் வாயை ஒருத்தி பிளந்தால் அவன் தள்ளாமல் என்ன செய்வான்? என்னை அவர் தள்ளவில்லை, சாவைத் தள்ளியிருக்கிறார் என்று நினைத்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை.

"கோயிலுக்கு வேண்டாம் பெரியப்பா. இங்கனயே இருக்கட்டும். இழுக்கும்போதெல்லாம் நான் தூக்குதேன்."

"வேண்டாம் தாயி. அனுப்ப வேண்டாம். செபாஸ்டின் வரட்டும், நான் சொல்லுதேன்," என்றார் ஹென்றி. அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவர் சொன்னது மெய்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

மத்தியானம் பர்னபாஸ் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். சாளைக் குழம்பு. ஹென்றி பக்கத்தில் உட்கார்ந்து, முள் எடுத்துக் கொடுத்தார். அந்தோணியம்மாள் பொட்டலம் கட்டிய துணிகளை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல், தேவமாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றி வருகிறேன் என்று கோயிலுக்குப் போய்விட்டாள். அல்போன்சா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அங்கிருந்துதான் அவளுக்குக் கேட்டது.

"கஸ்பார் இன்னும் ஏறல."

கஸ்பார், பர்னபாசின் தம்பி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஹென்றியின் தங்கச்சிகள் இரண்டு பேரைக் கட்டியவர்கள். ஆகவே கஸ்பாரின் கயிறும் ஹென்றியின் கையில்தான் இருந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு கயிறு பாறையில் சிக்கி அறுந்துபோய் அவன் செத்தான் என்றும், ஹென்றி உயிரைப் பணயம் வைத்துக் குதித்து உடலைத் தூக்கிவந்தார் என்றும் ஊரே சொல்லும். கஸ்பாரின் விதவை ஞானபாக்கியம் அன்றிலிருந்து அண்ணன் வீட்டில்தான். அண்ணன் சாப்பிடாமல் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

"அவன் எப்பமோ ஏறிட்டான் மச்சான்," என்றார் ஹென்றி.

"ஏறல. அவன் கயிறு ஆடுது. இழுக்கான் பாரு." பர்னபாசின் குரல் உயர்ந்தது. "ஏலே ஹென்றி, எந்திரிலே. கள்ளக் குடிச்சிட்டு ஒறங்காதலே. நாலு மட்டம் இழுத்துட்டான்லே அவன்."

பிறகு சத்தம் நின்றுவிட்டது.

அல்போன்சா எட்டிப் பார்த்தாள். ஹென்றியின் உள்ளங்கை பர்னபாசின் வாய்மேல் இருந்தது. மூக்கும் அதற்குள் அடங்கியிருந்தது. ஒருவன் வாயைப் பொத்திச் சும்மா இரு என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அதைவிட அதிக நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது. பர்னபாஸ் திமிறவில்லை. மூச்சை அடக்குவது அவருக்குப் பழக்கம்தானே.

அவள் தட்டைக் கீழே போட்டாள். வெண்கலச் சத்தத்தில் ஹென்றி கையை எடுத்தார்.

"எச்சி வடிஞ்சுது. தொடச்சேன்," என்றார்.

லேஞ்சி மடிப்புக் கலையாமல் அவர் தோளில்தான் கிடந்தது.

அல்போன்சா மாமனாருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று கேட்டாள். "கஸ்பார் மாமா கயிறு அறுந்துதான் போனாவளா பெரியப்பா?"

"இவன் பேச்சுக்கு அர்த்தம் உண்டுமா தாயி? டாக்டரே சொல்லிட்டாருல்லா."

"பாரு மணலாக் கெடக்குன்னு சொன்னப்ப அர்த்தம் இருந்துச்சே."

ஹென்றி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு உராய்ந்து காய்த்த கை.

"இவன் இத்தன வருசம் வாயத் தொறக்கல," என்றார் மெதுவாக. "மனசறிஞ்சு மூடி வச்சிருந்தான். இப்ப மனசு போயிட்டு. இனிமே ஆரு வந்து உக்காந்தாலும் சொல்லுவான். அடுத்த மாசம் ஞானபாக்கியம் இவனப் பாக்க வாரேன்னு நிக்கா. அவளுக்கு என்னைய விட்டா நாதி இல்ல தாயி. எனக்கும் அவள விட்டா இல்ல." எழுந்து, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

மடியில் கனம் உள்ளவனுக்குத்தான் வழியில் பயம். அந்தப் பயம் ஒரு நல்ல மனுஷரை என்னவெல்லாம் செய்யவைக்கும் என்று அல்போன்சா அதுவரை யோசித்ததில்லை.

மூன்று மணிக்குச் செபாஸ்டின் வந்தான். புதுத் துறைமுகத்தில் டாலி கிளார்க். திறந்து இரண்டு வருஷம் ஆன துறைமுகத்தில் கப்பலுக்குக் கப்பல் மூட்டை எண்ணி எண்ணி, தூக்கம் கெட்ட கண்கள். அக்கா வழியிலேயே பிடித்து எல்லாம் சொல்லியிருந்தாள். உள்ளே வந்தவன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, இடுப்புக் கயிற்றைத் தொட்டான்.

"நானா இப்பிடிப் பண்ணுனேன் மாமா?" அவன் குரல் உடைந்தது. "நீங்க சொல்லுங்க. என்ன செய்யட்டும்?"

அல்போன்சா ஹென்றியின் முகத்தையே பார்த்தாள்.

"கொண்டு போயிருவோம்," என்றார் ஹென்றி. "இன்னிக்குப் பேசுதான், நாளைக்குத் திரும்பத் தள்ளுவான். ரெண்டு உசிரா இருக்கவள வச்சுக்கிட்டு வெளையாட முடியாது."

"அங்கன ஆரு கூட இருப்பா மாமா? சொந்தக்காரங்க ஒருத்தர் தொணைக்கு இல்லாமச் சேக்கமாட்டாவளாம்."

"நான் இருக்கேன். பதிமூணு செவ்வாயும் இருக்கேன். இருவது வருசம் அவன் கயிறப் பிடிச்சவன் நான். கடேசி வரைக்கும் நான்தானே பிடிக்கணும்?"

செபாஸ்டின் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு விம்மினாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்றாள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷம் அவர்களுக்கு.

அல்போன்சா புருஷனைக் குசினிக்குள் கூப்பிட்டாள். கேட்டதையும் கண்டதையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஏளா, கட்டுறதுக்கு முந்தி அப்பா என்னையப் பாத்து நீ ஆருலேன்னு கேட்டாரு. ஒன்னய அவரு அம்மைன்னு நெனச்சுக் கும்பிட்டாரு. அதையும் நம்புவியா?"

"வாயப் பொத்துனாவ. மூக்கையும் சேத்துப் பொத்துனாவ. நான் பாத்தேன்."

"தொடச்சிருப்பாவ."

"லேஞ்சி தோள்ல கெடந்துச்சு."

செபாஸ்டின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவன் கண்ணில் ஏதோ ஒன்று வந்துபோனதை அவள் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ. வாசலில் ஹாரன் அடித்தது.

"அம்மைக்குப் பொறவு எங்கள எடுத்து வளத்த மாமா அது," என்றான். "வேற என்னமும் பேசு. இது மட்டும் பேசாத."

டாக்சி டிரைவர் தாணுலிங்கம் பின்கதவைத் திறந்து பிடித்தார். ஹென்றி மச்சானைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தார். தானும் ஏறி, கயிற்றைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பர்னபாஸ் அமைதியாக இருந்தார். மச்சான் கையில் கயிறு இருப்பதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

அதைப் பார்க்கத்தான் அல்போன்சாவால் முடியவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கதவைத் திறந்து மாமனாரின் இன்னொரு பக்கம் உட்கார்ந்தாள். காலில் செருப்புகூட இல்லை.

"ஏளா, வயித்துப் பிள்ளக்காரி. கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கும்?" என்று அந்தோணியம்மாள் பதறினாள்.

"எறங்கு," என்றான் செபாஸ்டின்.

"சூல்காரி அம்மை வீட்டுக்குப் போறது வழக்கம்தானே. அங்கன போயிருக்கதா நெனச்சுக்கிடுங்க," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஞாயித்துக்கெழம வாங்க. நான் சொன்னத அதுக்குள்ள யோசிச்சு வைங்க."

"இருக்கட்டும் மருமவனே," என்றார் ஹென்றி சிரித்துக்கொண்டே. "புள்ளைக்குப் பாசம். ரெண்டு நாள்ல நானே திருப்பி அனுப்புதேன். வண்டிய எடும்வே."

உப்புக் குவியல்களைத் தாண்டி, ஊர் எல்லை தாண்டி, கார் தெற்கே திரும்பியது. பர்னபாஸ் தலையை அல்போன்சாவின் தோளில் சாய்த்துத் தூங்கிவிட்டார். அவர் மூச்சுக் காற்று அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதை எண்ணிக்கொண்டே வந்தாள். ஆத்தூர் பாலம் வந்தது. அவள் பிறந்த வீட்டுத் தெரு முனை ஜன்னலுக்கு வெளியே வந்து, பின்னால் போய்விட்டது.

ஹென்றி அவள் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. காலையில் பிள்ளையை விசாரித்த அதே கனிவுதான்.

"பதிமூணு செவ்வாய்னா மூணு மாசம் தாயி. முடியும்போது ஒனக்கு எட்டு மாசம் ஆயிரும். மாசமா இருக்கவளுக்கு ஒறக்கம் தானா வரும்," என்றார். "ஒரு நாளாவது நீ கண்ணசர மாட்டியா?"